இறப்புப் படிவத்தில் ஒரு வரி குறைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு முன்னணி என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கில் என் கையெழுத்தும் கொஞ்சம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் 29 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து 2017இல் ஓய்வு பெற்றவன் நான். பட்டாவுக்கும் சிட்டாவுக்கும்தான் வி.ஏ.ஓ.வைத் தேடி வருவார்கள். கிராமத்தில் பிறப்பு, இறப்புப் பதிவாளரும் அவர்தான் என்பது சாவு விழுந்த பிறகுதான் பலருக்கு ஞாபகம் வரும்.

பிறப்புப் படிவம் இரண்டு பகுதியாக இருக்கும். இடது பக்கம் சட்டப் பகுதி. பெயர், தேதி, பெற்றோர், முகவரி. அது நம் பதிவேட்டிலேயே தங்கிவிடும். வலது பக்கம் புள்ளியியல் பகுதி. அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா என்ன படித்திருக்கிறார், கல்யாணத்தின்போது அம்மாவுக்கு என்ன வயது, பிரசவம் பார்த்தது யார், குழந்தை எத்தனை கிலோ என்று போகும். அந்தப் பகுதியைக் கிழித்து மாதா மாதம் மேலே அனுப்பிவிடுவோம். அனுப்பியது அனுப்பியதுதான். அதிலிருந்து ஒரு தகவல் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

இறப்புப் படிவத்துக்கும் அதேபோல ஒரு வலது பக்கம் உண்டு. இறந்தவர் என்ன மதம், என்ன தொழில், வைத்தியம் பார்த்தார்களா, என்ன நோய், பெண்ணாக இருந்தால் அப்போது கர்ப்பமாக இருந்தாரா. அப்புறம் பீடி, சிகரெட் எத்தனை வருஷம், புகையிலை எத்தனை வருஷம், பாக்கு எத்தனை வருஷம், குடி எத்தனை வருஷம். பாக்கு வரைக்கும் கேட்கிறோம். என்ன படித்திருந்தார் என்று கேட்பதில்லை. நான் வேலையில் இருந்தவரை அப்படி ஒரு கேள்வி அதில் இருந்ததில்லை.

இத்தனை வருஷம் எழுதியும் இது என் கண்ணில் படவில்லை. பட்டது 2014இல், என் தலையாரி இறந்தபோது.

தலையாரி என்பது பழைய பேர். இப்போது கிராம உதவியாளர். ஆனாலும் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்கள் தலையாரி இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். பெயரைக் கையெழுத்தாகப் போடுவார். அதற்கு மேல் எழுத்து வராது. ஆனால் எந்தப் புல எண் எங்கே தொடங்கி எந்தக் கல்லோடு முடிகிறது என்று வரைபடம் இல்லாமலே காலால் அளந்து காட்டுவார். சர்வேயர் வந்து சங்கிலி போட்டாலும் கடைசியில் இவர் சொன்ன இடத்தில்தான் கல் கிடைக்கும். அவருக்கு மூளை போதவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனக்கும் அவருக்கும் சர்க்கரை இருப்பது ஒரே நாளில் தெரிந்தது. 2007இல் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. கூட்டம் சேர்க்கும் பொறுப்பு எங்களுடையது. ஆள் குறைகிறதே என்று நாங்கள் இருவரும் போய் விரலை நீட்டினோம். இரண்டு பேருக்குமே சர்க்கரை என்றார்கள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஒரே அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கினோம். பெரும்பாலும் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான் அவர் வருவார். ஒரே மாத்திரை. இரண்டு பேருக்கும் ஒரு பைசா செலவில்லை.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. என்னைப் பார்த்ததும் "வி.ஏ.ஓ. சாரா, உக்காருங்க" என்பார்கள். நான் இரண்டு கேள்வி கேட்பேன். பேப்பரில் படித்தது ஒன்று, மகள் போனில் சொன்னது ஒன்று. டாக்டரும் பதில் சொல்வார். காலைத் தடவிப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், வருஷம் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள் என்பார். தலையாரி வெளியே வரிசையில் நின்று, உள்ளே போய், அடுத்த நிமிஷம் சீட்டோடு வெளியே வந்துவிடுவார். டாக்டரை நான் குறை சொல்லவில்லை. ஒரு காலை நேரத்துக்குள் அத்தனை பேரைப் பார்க்கிறவர், கேள்வி கேட்காதவருக்கு எங்கே போய் நேரம் ஒதுக்குவார்? ஆனால் கேள்வி கேட்பதற்கும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

2013 கடைசியில் அவர் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் செருப்பு கடித்து ஒரு புண் வந்தது. ஆறவில்லை. நான்கு நாளாக அலுவலகம் வரவில்லை என்று அவர் வீட்டுக்குப் போனேன். காலனியில் கடைசி வீடு. அத்தனை வருஷத்தில் அவர் வீட்டு வாசலை நான் மிதித்தது அது இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோதான். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினார். மாத்திரை அட்டைகள். பிரிக்காத அட்டைகளே ஒரு குவியல் இருந்தன.

"இவ்ளோ மிச்சம் இருக்கே தலையாரி, ஒழுங்கா போடறதில்லையா?"

"போடறேனே சார். சீட்டுல எழுதியிருக்கிற மாதிரிதான் போடறேன். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்குச் சைபர், நாளன்னைக்கு ஒண்ணு."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷில் மருந்தின் பெயர். பக்கத்தில் 1-0-1.

காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், ராத்திரி ஒன்று. படித்தவர்களுக்கு இது யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவிடுகிறது. அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். தெரிந்ததை வைத்து ஒரு அர்த்தம் கண்டுபிடித்து, அதை ஆறு வருஷம் ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். எழுத்தில் வந்த உத்தரவை மீறுகிற ஆள் அவர் இல்லை. மருந்து கொடுக்கிற ஜன்னலில் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். கூட்டத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம். விழுந்தும், எழுத்தில் இருப்பதுதான் பெரிது என்று நினைத்திருக்கலாம். சரி, அவர்களை விடுங்கள். தினமும் என் மேஜைக்கு எதிரே நின்ற மனிதரிடம் நானே ஒரு நாளும் கேட்கவில்லையே. உட்காருங்கள் என்றுகூட நான் சொன்னதில்லை. அலுவலக வழக்கம் அப்படி.

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் விஷம் உடம்பில் ஏறிவிட்டது. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, 59 வயதில் போய்விட்டார்.

இறப்புப் படிவத்தை நானே நிரப்பினேன். தொழில்: கிராம உதவியாளர். நோய்: சர்க்கரை. புகைப் பழக்கம்: இல்லை. குடி: இல்லை. பாக்கு: 30 வருஷம். அதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். அவரைக் கொன்றது பாக்கு இல்லை. எது கொன்றதோ அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. எனக்கு இப்போது 66 வயது. சர்க்கரையோடுதான் இருக்கிறேன், காலையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறேன்.

என் மகள் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். தலையாரி விஷயத்தைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்பா" என்று ஆரம்பித்து லண்டனில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 1967இல் தொடங்கியது. அங்கே தலைமைச் செயலகம் மாதிரி இருக்கிற வொயிட்ஹாலில் வேலை பார்த்த ஆண் ஊழியர்கள் சுமார் 18,000 பேரை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் நிரந்தரச் சம்பளம், எல்லாருக்கும் இலவச மருத்துவம். பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அடிமட்டத்தில் இருந்த கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்கு. நடுவில் இருந்தவர்கள் நடுவில். படிக்கட்டு மாதிரி, ஒரு படி இறங்கினால் ஆயுளும் ஒரு படி இறங்கியது. சிகரெட்டும் ரத்த அழுத்தமும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்கின.

கேட்டதும் எனக்கு எங்கள் வருவாய்த் துறைதான் நினைவுக்கு வந்தது. தலையாரி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர். இதைவிட நல்ல படிக்கட்டு எந்த ஆராய்ச்சிக்காரருக்குக் கிடைக்கும்? பென்ஷன் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்ற கணக்கு கருவூலத்தில் இருக்கிறது. யாராவது எடுத்துப் பார்க்கலாம். பார்க்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

இனி சராசரிக்கு வருகிறேன். 2020ஆம் வருஷக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்குக் குழந்தை இறப்பு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. பிரசவத்தையொட்டித் தாய் இறப்பது 2018-20இல் லட்சத்துக்கு இந்தியாவில் 97, இங்கே 54. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடந்திருக்கிறது. பெருமையான கணக்குதான். என் பதிவேட்டிலேயே அதைப் பார்த்தேன். பிரசவம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் பிறப்பைப் பதிவார்கள் என்பதால், ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் போக என் பிறப்புப் பதிவேடு மெலிந்துகொண்டே வந்தது. இறப்புப் பதிவேடு மெலியவில்லை. சாவதற்கு வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

ஆனால் அதே கணக்கெடுப்பில், அதே தமிழ்நாட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ஒரே சத்து மாத்திரையை வாங்குகிறார்கள். பிறகு எங்கே பிரிகிறது? இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கெடுப்பு ஒரு விடை வைத்திருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத தாய்மாரின் பிள்ளைகளில் 46 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள். 12 வருஷமோ அதற்கு மேலோ படித்த தாய்மாரின் பிள்ளைகளில் 26 சதவீதம். படித்த தாய்க்குப் பணமும் கொஞ்சம் கூடவே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். முழுக் காரணமும் படிப்பு என்று நான் சொல்லவில்லை.

சாதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் காலனி, ஊர்த்தெரு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் நான் பொய் சொன்னவனாவேன். வடக்கே ஒன்பது மாநிலங்களில் 2010-11இல் எடுத்த கணக்கை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் 4 வருஷத்துக்கு மேல் குறைவு, தலித் மக்களின் ஆயுள் 3 வருஷத்துக்கு மேல் குறைவு. பண வசதியில் இருக்கிற வித்தியாசம் அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. இங்கேயும் இப்படித்தானா என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் என் தலையாரி வரிசையில் நின்றதற்கும் நான் நாற்காலியில் உட்கார்ந்ததற்கும் படிப்பு மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு வேலை செய்து பார்த்தேன், யாருக்கும் சொன்னதில்லை. கடைசிக்கு முந்தைய பணியிடத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என் கிராம எல்லைக்குள் இருந்தது. சுற்றுவட்டாரப் பிரசவங்கள் எல்லாம் என் பதிவேட்டுக்கு வரும். வலது பக்கத்தைக் கிழித்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டில் இரண்டு விஷயத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். அம்மா என்ன படிப்பு, குழந்தை என்ன எடை. நடுவில் ஒரு கோடு. எட்டாவது வரை இடது பக்கம், எட்டாவதைத் தாண்டியவர்கள் வலது பக்கம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு புள்ளி. ஒரு வருஷம் முடிந்து நோட்டைத் திறந்தால் இடது பக்கம் அம்மை போட்ட மாதிரி இருந்தது. ஒரு ஊர்க் கணக்கை வைத்துப் பேசக் கூடாது, அது கணக்கே ஆகாது என்று மகள் சொல்கிறாள். சரிதான். ஆனால் அந்த இரண்டு விஷயமும் ஒரே தாளில், ஒரே பக்கத்தில், மாநிலம் முழுவதும் வருஷம் பூராவும் எழுதப்படுகிறது. கோடு போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஊரில் இன்னொன்றும் பார்த்தேன். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை அப்போது 12,000 ரூபாய், பிறகு 18,000 ஆயிற்று. அதை வாங்க 19 வயது நிறைந்திருக்க வேண்டும். சின்ன வயதுக் கல்யாணத்தைத் தடுப்பதற்கான நிபந்தனை, நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்பதாவதோடு நின்று, 16 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, 17இல் வயிற்றுப்பிள்ளையோடு நிற்கிற பெண்ணுக்கு அது கிடைக்காது. ரத்தம் குறைவாக இருப்பதும் அவளுக்குத்தான், எடை குறைந்த பிள்ளை பிறக்கப்போவதும் அவளுக்குத்தான். "வயசைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க சார், ஒரு கையெழுத்துதானே" என்று அவள் மாமியார் என் வாசலில் வந்து நிற்பார். நான் போட்டதில்லை. போடாததில் பெருமையும் இல்லை. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஐந்தாறு மாதம் வரை நர்ஸம்மாவிடம் காட்டாமலே மறைத்த வீடுகளையும் தெரியும்.

நிபந்தனை நல்லபடியாக வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். திருமண உதவித் திட்டத்தில் பெண் பத்தாவது படித்திருந்தால் 25,000 ரூபாய், பட்டம், டிப்ளமோ என்றால் 50,000, அதோடு தாலிக்குத் தங்கம். வருமானச் சான்றுக்கு என்னிடம் வரும் அப்பாக்கள், பொண்ணு படிக்க வேண்டும் என்று பேசியவர்கள் இல்லை. "பத்தாவது முடிச்சிடட்டும் சார், காசு வருதுல்ல" என்பார்கள். எப்படியோ இரண்டு வருஷம் கூடுதலாகப் பள்ளிக்கூடம் போனாள். 2022இல் அதையே கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். தங்கத்தைவிட இது மேல் என்பது என் கட்சி. என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் பக்கத்து ஊர் மருமகள். கிழவிகளிடம் "ஆயா, சூரியன் வரும்போது ஒண்ணு, சோறு தின்னுட்டுப் படுக்கறப்போ ஒண்ணு" என்கிறார். அட்டையின் பின்புறம் பேனாவால் ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைந்து கொடுக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லையாம், அவராகச் செய்வது. தலையாரி உயிரோடு இருந்தபோதே இப்படி ஒருவர் எங்கள் காலனிக்கு வந்திருக்கலாம். அந்தச் சூரியனையும் பிறையையும் மருந்துச் சீட்டிலேயே அச்சடிக்க முடியாதா? நாளைக்கே செய்யக்கூடியது இது.

இன்னொன்று நாளைக்கே நடக்காது என்று தெரியும். இறப்புப் படிவத்தைத் திருத்துவது டெல்லியில் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வரைக்கும் போகிற சமாச்சாரம். சாவு வீட்டில் போய் "என்ன படிச்சிருந்தார்" என்று கேட்பதா என்று சிலர் கேட்பார்கள். எத்தனை வருஷம் குடித்தார் என்று கேட்க நாங்கள் கூச்சப்பட்டதில்லை. படிப்பைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "எங்கப்பா அந்தக் காலத்து மூணாங்கிளாஸ் சார்" என்று சொல்லும்போது அழுகிற பிள்ளையும் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்லும். அரை நிமிஷ வேலை. தொழில் என்ன என்று கேட்கிற வரிக்குக் கீழே இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
திருவண்ணாமலை மாவட்டம்.

(தலையாரியின் மகன் இப்போது அதே துறையில் வேலை பார்ப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)